ஒரு சாண் குறைந்த குழாய்

தாலிக்கொடி, இரண்டு தோடு, மெட்டி, நான்கு கொண்டை ஊசி. எல்லாவற்றையும் என் கைக்குட்டையில் முடிந்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு ரேவதி உள்ளே போனாள். மூக்குத்தியின் திருகு மட்டும் கழல மறுத்தது. நர்ஸ் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து தடவி, ஐந்து நிமிடம் போராடிக் கழற்றிக் கொடுத்தாள்.

"உள்ள சத்தம் ஜாஸ்தி இருக்கும் மேடம். கண்ண மூடிக்கோங்க, ஆடாம படுத்துக்கோங்க."

கதவு மூடுவதற்கு முன் ரேவதி திரும்பி என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நிலாவுக்குச் சொல்லிடாதீங்க. பரீட்ச முடியட்டும்." நிலா எங்கள் மகள். மங்களூரில் படிக்கிறாள்.

மைசூரில் அன்று நல்ல வெயில். ஆனால் அந்த ஸ்கேன் சென்டர் வராந்தாவில் இரும்பு நாற்காலி ஜில்லென்றிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் ஆழ்துளைக் கிணறு தோண்டுவதுபோல இடிக்கத் தொடங்கியது. அந்த இடிக்கு நடுவில் என் மனைவியின் தலை இருந்தது.

சற்றுமுன்தான் தலைவலி நோயாளிகளுக்கான கேள்வித்தாள் ஒன்றை நிரப்பிக் கொடுத்திருந்தேன். உடம்பில் உலோகம் இருக்கிறதா, வலிப்பு வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா. கடைசிக் கேள்வி, வீட்டிலோ வேலையிலோ புகை, ரசாயன ஆவி எதையாவது சுவாசிக்க நேர்கிறதா என்பது. 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் பேனாவை மூடினேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். அந்தக் கடைசிக் கேள்வி என்னிடம் திரும்பி வந்தது. கைக்குட்டை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது பீரியட்

ரேவதி நஞ்சன்கூடில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். குவெம்பு நகரிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து தினமும் அவளேதான் காரை ஓட்டிக்கொண்டு போவாள், முக்கால் மணி நேரம். நான் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலை செய்பவன். எனக்குக் கம்பெனி பஸ்.

தலைவலி முதலில் எப்போதாவது வந்தது. பிறகு பள்ளி நாட்களில் தவறாமல் வந்தது. இரண்டாவது பீரியட் நடக்கும்போது நெற்றிப் பொட்டில் பிடிக்கும். மதியத்துக்குள் குமட்டல். மாலை வீடு திரும்பியதும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். திருத்தவேண்டிய நோட்டுகள் சாப்பாட்டு மேஜையில் அப்படியே கிடக்கும்.

கண்ணாடியை மாற்றினோம். சைனஸ் என்று ஆவி பிடித்தோம். காபியை நிறுத்தினாள், திரும்பத் தொடங்கினாள். ஒருநாள் கரும்பலகையில் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று எழுதியிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். அதை வீட்டில் வந்து சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

நரம்பு டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாமே" என்றார்.

எதுக்கும். ஸ்கேனுக்குத் தேதி கிடைக்கும்வரை அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டில் எங்களோடு சாப்பிட்டது, எங்களோடு படுத்தது. இருவருமே அதற்கு என்ன அர்த்தம் என்று வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை.

வாசனை இல்லாத வீடு

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எனக்கு வாசனை தெரியாது. பெருந்தொற்றுக் காலத்தில் வந்த காய்ச்சலோடு போனது, திரும்பவே இல்லை. டாக்டர்கள் எலுமிச்சை, கிராம்பு என்று முகர்ந்து பழகச் சொன்னார்கள். ஆறு மாதம் முகர்ந்தேன். காகிதத்தை முகர்ந்ததுபோலத்தான் இருந்தது.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். "பரவால்லயே, மார்க்கெட் பக்கம் நிம்மதியா போலாம்" என்பார்கள். எனக்கு ரசம் என்பது புளிப்பான வெந்நீர். கெட்டுப்போன தயிரைப் பிசைந்து பாதி சாப்பிட்ட பிறகுதான் ரேவதி தட்டைப் பிடுங்கியிருக்கிறாள். ஒருமுறை சமையல் கேஸ் கசிந்து அடுக்களை முழுக்க நிறைந்திருக்கிறது. நான் பக்கத்திலேயே நின்று ஃபோன் பேசிக்கொண்டிருந்தேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் ஓடிவந்து அடைத்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ரேவதிதான் மூக்கு. பால் தீய்ந்தால், சாக்கடை அடைத்தால், சட்டையைத் துவைக்கப் போடலாமா இன்னொருநாள் போடலாமா என்றால், அவள் சொல்வதுதான் முடிவு.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவள் மூக்கை நம்பவில்லை.

போனட்டுக்குள் நான் செய்தது

தொழிற்சாலையில் எனக்குப் பம்புகளைப் பராமரிக்கிற வேலை. எங்கே கசிகிறது, எங்கே அடைக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம். அதனால் வீட்டில் எது கெட்டாலும் ஆள் கூப்பிடமாட்டேன். போன வாரம் இந்தப் பத்தியில் எழுதிய வாஷிங் மெஷின் கதையைப் படித்துவிட்டு, "மிச்சத்தையும் எழுதுங்க, எல்லாருக்கும் தெரியட்டும்" என்றாள் ரேவதி. அவள் உத்தரவின் பேரில்தான் இந்த வாரம் இது.

எங்களுடையது இரண்டாம் கையாக வாங்கிய பழைய டீசல் கார். தசரா விடுமுறை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யத் திறந்தேன். எஞ்சினுக்குக் காற்று போகிற குழாய்க்குள் விரலை விட்டால் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு.

அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எஞ்சினுக்குள் எரிகிற புகையில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும். அங்கே எண்ணெய் ஆவியோடு கலந்து நிற்கும். அதை வெளியேற்றாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, சீல்கள் பிய்த்துக்கொள்ளும். அதனால் எஞ்சின் தலையிலிருந்து ஒரு சிறு குழாய் வைத்து, அந்த அழுக்கு மூச்சைத் திரும்பவும் காற்றுக் குழாயிலேயே சேர்த்துவிடுவார்கள். எஞ்சின் விட்ட மூச்சை எஞ்சினே விழுங்கிவிடும். வெளியே யாருக்கும் தொந்தரவு இல்லை.

ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தேன். அந்தக் குழாயைக் கழற்றி, அழுக்கு மூச்சைத் தனியாக வண்டிக்கு அடியில் விட்டுவிட்டால் காற்றுப் பாதை பளிச்சென்று இருக்கும், எஞ்சின் இன்னும் பல வருடம் உழைக்கும் என்றான் ஒருவன். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

பழைய குழாயைக் கழற்றிப் பரணில் போட்டேன். காற்றுக் குழாயின் துளையை ரப்பர் மூடி போட்டு அடைத்தேன். வீட்டில் கிடந்த தடித்த ரப்பர் குழாய் ஒன்றை எஞ்சின் தலையில் மாட்டிக் கீழே இறக்கினேன். வண்டியின் அடிவரை வரவில்லை. ஒரு சாண் குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை. கடை இல்லை. அடுத்த வாரம் நீளமாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று, குழாயின் நுனியை மேலே மடக்கி எஞ்சினுக்குப் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிட்டேன். கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனேன். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

நான் கட்டிய இடத்துக்கு நேர் மேலேதான் முன்கண்ணாடியின் அடியில் வரிவரியாகத் துவாரங்கள் இருக்கின்றன. காருக்குள் வெளிக்காற்று போவது அந்த வழியாகத்தான்.

"ஏங்க, வண்டிக்குள்ள எண்ண கருகுற வாசன வருது" என்றாள் ரேவதி, அந்த வாரமே. நான் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆழமாக மூச்சு இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எனக்கு எது தெரிந்திருக்கிறது, இது தெரிய?

"பழய டீசல் வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

இன்னொருமுறை சொன்னாள். அதே பதிலைச் சொன்னேன். மூன்றாவது முறை அவள் சொல்லவில்லை. நாளாக ஆக அவளுக்கும் அந்த வாசனை பழகிப்போயிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சேர்ந்து போகும்போது நான்தான் ஓட்டுவேன். எனக்குக் காற்று வேண்டும், நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிடுவேன். அவளோ நஞ்சன்கூடு சாலையில் லாரிப் புழுதிக்குப் பயந்து எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு போவாள்.

நான் வளர்ந்த ஹனூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு எண்ணெய் எஞ்சின் இருந்தது. அது ஓடும்போது கொட்டகைக் கதவைச் சாத்தக்கூடாது என்பது பத்து வயதில் எனக்குத் தெரியும். யாரும் சொல்லித்தரவில்லை, உள்ளே நின்றால் தலை சுற்றும், அவ்வளவுதான். ஐம்பது வயதுக்கு மேல் அது மறந்துபோயிற்று.

சொல்லாத இரண்டு நாள்

இதெல்லாம் அந்த வராந்தாவில், இயந்திரம் இடித்துக்கொண்டிருந்தபோது, ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு விளங்கியது. எழுந்து போய் அந்தக் கேள்வித்தாளைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். எழவில்லை.

சத்தம் நின்றது. கதவு திறந்தது. ரேவதி தலைமுடி கலைந்து, முகம் வெளுத்து வந்தாள். "ஆய்து" என்றாள், முடிந்தது என்று. மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள், களைத்துப்போனால் தமிழுக்கு முன்னால் கன்னடம்தான் வரும். குனிந்தால் தலை வலிக்குமென்று நானே கீழே உட்கார்ந்து அவள் மெட்டியைப் போட்டுவிட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

ஸ்கேனில் ஏதாவது இருந்துவிட்டால், நான் சொல்வது வீண் நம்பிக்கை கொடுத்ததாகிவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவள் முகத்தைப் பார்க்கப் பயம்.

மறுநாள் காரில் கிளட்ச் சரியில்லை என்று பொய் சொல்லி ஆட்டோவில் அழைத்துப்போனேன். டாக்டர் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். அந்த ஒரு நிமிடத்தில் நான் என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்பதை எழுதப்போவதில்லை.

"ஒண்ணுமில்லம்மா. சுத்தமா இருக்கு."

"கண்டிப்பாவா டாக்டர்?"

"கண்டிப்பா. கட்டி இல்ல, அடைப்பு இல்ல. வலிக்கு மாத்திர தரேன். நல்லாத் தூங்குங்க."

வெளியே வந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் பூந்தொட்டி வைக்கிற கட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். ரேவதி மட்டும் அசையாமல் நின்றாள்.

"ஒண்ணுமில்லன்னா ஏன் வலிக்குது?" என்றாள்.

கடிதம்

சனிக்கிழமை சாயங்காலம். காபி கொண்டுவந்து வைத்தவள், கூடவே ஒரு தாளையும் வைத்தாள். கன்னடத்தில், அவளுடைய குண்டு குண்டான எழுத்தில், விருப்ப ஓய்வு கேட்டு எழுதிய கடிதம்.

"திங்கக்கெழம ஹெச்.எம். கிட்ட குடுத்துடறேன்."

"எதுக்கு?"

"ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. வலி இருக்கு. அப்ப மனசுலதான் ஏதோ ஆயிடுச்சு எனக்கு. பசங்க முன்னாடி தப்புத் தப்பா கணக்குப் போட்டுட்டு நிக்க என்னால ஆகாது." குரல் தெளிவாக இருந்தது. நிறைய நாள் யோசித்து முடிவெடுத்த குரல்.

அவள் எந்த வேலைக்காகக் கல்யாணத்தையே இரண்டு வருடம் தள்ளிப்போட்டாளோ அந்த வேலை. என் ஒரு சாண் குழாய்க்காகப் போகப்போகிறது.

"ரேவதி, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்காத. இல்ல, கோவிச்சுக்கோ. ஆனா முழுசாக் கேளு."

சொன்னேன். குழாய், ரப்பர் மூடி, பிளாஸ்டிக் பட்டை, கண்ணாடிக்கு அடியில் உள்ள துவாரங்கள். முடித்ததும் கேட்டாள்.

"எந்த ஞாயித்துக்கெழம?"

"தசரா லீவு முடிஞ்ச ஞாயிறு."

எழுந்துபோய்த் தன் பள்ளி டைரியை எடுத்துவந்தாள். வலி வந்த நாளில் எல்லாம் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள், டாக்டரிடம் காட்ட. ஆனால் எந்த டாக்டரும் அதைக் கேட்கவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அந்த ஞாயிறுக்கு முன்னால் ஒரு புள்ளி இல்லை. செவ்வாய்க்கிழமை முதல் புள்ளி. பிறகு விட்டுவிட்டு, அப்புறம் வரிசையாக. நடுவில் ஒரு வாரம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"இது என்ன வாரம்?" என்றாள், தனக்குத்தானே. பிறகு அவளே, "பம்பர் நசுங்கி வண்டி பட்டறையில இருந்துச்சு. ட்ரெயின்ல போனேன்."

டைரியை மூடினாள்.

"அப்ப என் தலைக்குள்ள ஒண்ணுமில்ல. அல்வா?" என்றாள், 'இல்லையா' என்பதைக் கன்னடத்தில்.

"ஒண்ணுமில்ல."

"மனசுலயும் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமே இல்ல, ரேவதி."

முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு அழுதாள். மூன்று மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மறுநாள் அதன் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் பட்டியல் எழுதியிருந்தாள்.

கோபமும் மறுநாள்தான் வந்தது. காலை உப்புமாவைத் தட்டில் போட்டபடியே, "உங்களுக்கு மூக்குதானே போச்சு? காதுமா போச்சு?" என்றாள். "ரெண்டு தடவ சொன்னேன். அதுகூடப் போகட்டும். ஸ்கேன் அன்னிக்கே தெரிஞ்சும் ரெண்டு நாள் சும்மா இருந்தீங்களே, அது எப்படி முடிஞ்சுது?"

தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஃபோனை எடுத்தேன்.

டாக்டருக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் உடனே சொன்னார்: "அந்த வண்டியில அவங்க ஏறவே கூடாது. முதல்ல சரி பண்ணுங்க. அப்புறம் தெரிஞ்ச மெக்கானிக் யார்கிட்டயாவது காட்டுங்க. நீங்களே பாத்துட்டு நீங்களே சரின்னு சொல்லிடாதீங்க."

அவள் மூக்கு, என் கை

அன்று மதியமே போனட்டைத் திறந்தேன். என் குழாயைப் பிடுங்கி எறிந்தேன். ரப்பர் மூடியைக் கழற்றி, பரணில் கிடந்த பழைய குழாயை அதன் இடத்தில் மாட்டினேன். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கார்க் கதவுகள் நான்கையும் திறந்து வைத்து ரேவதியைக் கூப்பிட்டேன். இன்னும் பேச்சு வார்த்தை முழுதாகத் திரும்பவில்லை. வெளியே நின்றபடி, காருக்குள் காற்று வருகிற துவாரத்தருகே மூக்கை மட்டும் நீட்டினாள்.

"இன்னும் வருது."

எல்லாம் சரியாகத்தானே மாட்டியிருக்கிறேன் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். டார்ச்சை எடுத்துப்போய்த் தேடினேன். பழைய குழாயின் வளைவில், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில், நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. பரணில் கிடந்து காய்ந்து போயிருக்கிறது. அவள் சொல்லியிராவிட்டால் அதை நான் பார்த்திருக்கமாட்டேன்.

திங்கட்கிழமை லீவு போட்டேன். ரேவதி ட்ரெயினில் போனாள். நான் தேவராஜ மொஹல்லாவில் ஒரு உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் குழாயை வளைத்துப் பார்த்தார்.

"இத ஏன் சார் கழட்டினீங்க?"

"காத்துப் பைப்ல எண்ண இருந்துச்சு."

"இந்த வயசு வண்டியில ஸ்வல்ப இருக்கத்தான் செய்யும். அதுக்குப் போய்க் கழட்டுவாங்களா?" என்று சிரித்துவிட்டுப் புதுக் குழாயும் இரண்டு கிளாம்ப்பும் எடுத்துவைத்தார். ஏசி ஃபில்டரும் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து பழைய ஃபில்டரை உருவியபோது அது அடிப்பிடித்த பாத்திரம்போலக் கறுத்திருந்தது. அதன் வழியாக வடிந்ததைத்தான் அவள் மூன்று மாதம் சுவாசித்திருக்கிறாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் மறுபடி சோதனை. மூக்கை நீட்டினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல."

"நல்லாப் பாரு."

"இல்லன்னு சொல்றேன்ல. பழைய சீட்டு வாசனதான் வருது." உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்ததுபோல இருந்தது. எனக்கு அது போதும்.

இரண்டு நாள் கழித்து ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, அவரும் சரி என்ற பிறகு, வியாழக்கிழமை நானும் கூடவே நஞ்சன்கூடுக்குப் போனேன். அவள் ஓட்டினாள், கண்ணாடி எல்லாம் ஏற்றியபடி. பள்ளிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டேன். முதல் பீரியட் மணி அடித்தது. இரண்டாவது மணி அடித்தது. மூன்று டீ குடித்தேன்.

இடைவேளையில் வாசலுக்கு வந்தாள். சாலையைக் கடந்து நேராகக் கடைக்குள் நுழைந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றேன், எழுந்து.

"பசிக்குது. போண்டா சூடா இருக்கா?"

இரண்டு போண்டா சாப்பிட்டாள். மூன்றாவதை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள்.

குண்டலுபேட்டை சாலை

பரீட்சை முடிந்து வந்த நிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். மறைத்ததற்காக அம்மாவுக்கும், மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து எனக்கும் திட்டு கிடைத்தது. டைரியில் அதற்குப் பிறகு சிவப்புப் புள்ளி இல்லை.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை குண்டலுபேட்டைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். நான் ஓட்டினேன். ரேவதி பக்கத்தில் ஏதோ ஒரு நோட்டைத் திருத்திக்கொண்டு வந்தாள். ஊருக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஏதோ வாசன வருது."

நான் யோசிக்கவே இல்லை. வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, அவளைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டுப் போனட்டைத் திறந்தேன். பட்டு வேட்டியோடு குனிந்து, குழாயை நுனியிலிருந்து நுனிவரை கையால் தடவிப் பார்த்தேன். கிளாம்ப் இரண்டும் இறுக்கமாக இருந்தன. வெடிப்பு இல்லை, பிசுக்கு இல்லை.

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. நிறைய நாளாகக் கேட்காத, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

"வண்டியில இல்லைங்க. அங்க பாருங்க." கை நீட்டிய இடத்தில், வயலுக்கு நடுவில் பெரிய கொப்பரையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. "மஞ்சள் வேகவைக்கறாங்க."

நிம்மதியாகப் போனட்டை மூடினேன். கையில் கரி. துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். ஆவி எங்கள் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

கண்ணை மூடி ஆழமாக மூச்சு இழுத்தாள்.

"ஸ்வல்ப மண்ணு. ஸ்வல்ப இஞ்சி. கொஞ்சம் புகை." இன்னொரு மூச்சு இழுத்தாள். "ரொம்ப நல்லாருக்கு. ரெண்டு நிமிஷம் நிக்கலாம்."